குடும்ப நலம்: சிறுத்த இரைப்பையும் சீரான உணவும்



உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் இன்று நம் பங்குகளிலும் ஆங்காங்கே இருக்கின்றனர். முன்னர் வெளிநாட்டுச் செய்தியாக மட்டுமே நாம் படித்து வந்த இச்சிகிச்சை இப்போது நம் நகர மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு என்ன சமைத்துக் கொடுப்பது என்பதே வீட்டிலுள்ள தாய்மாரின் முதற்கவலை. "சோற்றை அடியோடு நிறுத்த வேண்டுமாமே? மாவுச்சத்தே சேர்க்காமல் உடலைக் 'கீட்டோசிஸ்' நிலையில் வைத்திருந்தால்தான் எடை குறையுமாமே?" என்று பலரும் வினவுகின்றனர். இவ்வினாவையே இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வோம்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். அறுவைக்குப்பின் உடல் தானாகவே கீட்டோசிஸ் நிலையை அடைகிறது. அதைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. நாம் கருத்துடன் தேடிக் கொடுக்க வேண்டியவை புரதம், தண்ணீர், வைட்டமின்கள் ஆகிய மூன்றே. இம்மூன்றையும் மறந்து, மாவுச்சத்தை ஒழிப்பதிலேயே முனைந்து நிற்கும் குடும்பம், உயிரைக் காக்கச் செய்த சிகிச்சையாலேயே உயிருக்கு ஊறு தேடிக்கொள்ளக்கூடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பருத்த உடலினரைக் கண்டவுடன், தலையான பாவங்களுள் ஒன்றாகிய போசனப்பிரியத்தை நினைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. இஃது அறியாமை. பரம்பரை, சுரப்பிகளின் இயக்கம், உட்கொள்ளும் மருந்துகள், உறக்கக் குறைவு, வறுமையினால் மலிவான மாவுப்பண்டங்களையே உண்ண நேர்தல் எனப் பருமனுக்குக் காரணங்கள் பல. அறுவை செய்துகொண்டவர் குறுக்குவழி தேடியவரும் அல்லர். அவர் ஏற்றுக்கொண்டிருப்பது வாழ்நாள் முழுவதும் தொடரும் ஓர் ஒழுங்கு.

அறுவை செய்வது என்ன?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன், சிக்காஷி இட்டோ என்னும் மருத்துவர் இருவர் 1967-ஆம் ஆண்டு 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' என்னும் முறையை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். அம்முறை பின்னர்ப் பலவாறு திருத்தம் பெற்றது. இன்று அதில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையொன்றை அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கின்றனர். உணவு எஞ்சிய இரைப்பையையும் சிறுகுடலின் முற்பகுதியையும் தொடாமலே கடந்து செல்கிறது. 'ஸ்லீவ்' என்னும் மற்றொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில வேளைகளில் அதற்கும் சற்று மிகுதியாக, வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுகின்றனர்.

இவற்றால் உண்ணும் அளவு மட்டும் குறைவதில்லை; பசியின் இயல்பே மாறுகிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பு நீரை 1999-ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதி ஸ்லீவ் முறையில் நீக்கப்படுகிறது. ஆகவே தொடக்க மாதங்களில் நோயாளிக்குப் பசியே எழாமற் போகலாம். 'பசித்தால் உண்பாள்' என்று வீட்டார் காத்திருத்தல் ஆகாது. பசியில்லாவிடினும் நேரம் பார்த்து, அளவு பார்த்து உண்ணவேண்டிய காலம் அது.

கீட்டோசிஸ் என்பது யாது?

நாம் உண்ணும் சோறு, இட்டலி, ரொட்டி, சர்க்கரை ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே செலவாகாத குளுக்கோசில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் பொருளாக ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. ஈரலிலுள்ள சேமிப்பு ஏறத்தாழ 100 கிராம்தான். ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தால் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதன்பின் உடல் தன் கொழுப்பை உருக்கத் தொடங்குகிறது. ஈரல் அக்கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்னும் பொருள்களை ஆக்கி இரத்தத்தில் விடுகிறது. மூளையும் இதயமும் தசைகளும் அவற்றை எரிபொருளாகக் கொள்கின்றன. கீட்டோன்கள் இரத்தத்தில் இவ்வாறு மிகுந்திருக்கும் நிலையே கீட்டோசிஸ்.

மூளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் தேவை. நெடுநாள் உண்ணாதிருப்பவரின் மூளை, தன் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை கீட்டோன்களைக் கொண்டே நிறைவு செய்துகொள்ளும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கேகில் குழுவினர் 1960-களில் மெய்ப்பித்தனர். எனினும் குளுக்கோசின் தேவை முற்றும் ஒழிந்துவிடுவதில்லை. இரத்தச் சிவப்பணுக்கள் குளுக்கோசை அன்றி வேறொன்றையும் எரிபொருளாகக் கொள்ள இயலாதவை. உணவில் அது கிடைக்காதபோது ஈரல் அதைப் புரதத்திலிருந்து உண்டாக்குகிறது. உணவிலும் போதிய புரதம் இல்லையெனில் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அறுவைக்குப்பிந்திய உணவுமுறை முழுவதும் இவ்வொரு செய்தியைச் சுற்றியே அமைந்துள்ளது.

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை புதியதன்று. இலண்டன் நகரில் அடக்கச் சடங்குத் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர், தம் மருத்துவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி எடை குறைந்த வரலாற்றை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ரசல் வைல்டர் 1921-இல் காக்கை வலிப்பு நோயாளிகளுக்கெனக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவை வகுத்தார். இன்றும் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு அம்முறை பயன்படுகிறது. 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ் என்னும் மருத்துவர் எழுதிய நூலால் எடை குறைக்கும் வழியாக அது பெயர் பெற்றது. இவர்களுள் எவரும் இரைப்பை அறுவை செய்துகொண்டவரை மனத்திற்கொண்டு அம்முறையை வகுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

குறைப்பதன் நியாயமும் ஒழிப்பதன் கேடும்

நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்பர். 50 கிராமுக்கும் குறைந்தால் பெரும்பாலார்க்குக் கீட்டோசிஸ் ஏற்படும். அறுவையான முதற் சில வாரங்களில் நோயாளி உண்பதே சிறிதாதலின் இவ்வெல்லை தானாகவே வந்துவிடுகிறது. வாயுலர்தல், இலேசான தலைவலி, பழுத்தழிந்த பழத்தின் வாடை போன்ற மூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். வேறு தொல்லையின்றி இவை மட்டும் தோன்றினால் அஞ்ச வேண்டாம். தண்ணீர் போதுமான அளவு பருகுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

மாவுச்சத்தை அளவாகக் குறைப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. முதலாவது, இடம். சில கரண்டி மட்டுமே கொள்ளும் பையைச் சோற்றால் நிரப்பிவிட்டால் முட்டைக்கும் மீனுக்கும் இடமேது? இரண்டாவது, 'டம்பிங்' என்னும் தொல்லை. பைபாஸ் செய்துகொண்டவர் பாயசமோ பழச்சாறோ பருகினால், அச்சர்க்கரை நேரே குடலில் இறங்கி, அரைமணி நேரத்திற்குள் வயிற்றுவலி, படபடப்பு, வியர்வை, பேதி ஆகியவற்றை உண்டாக்கும். சிலருக்கு உண்டபின் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமும் வரக்கூடும். மூன்றாவது, எடை மீண்டும் ஏறுதல். 1987-இல் ஸ்வீடன் நாட்டில் தொடங்கிய நீண்டகால ஆய்வில், அறுவையான ஓரிரு ஆண்டுகளில் எடை மிகக் குறைந்து, அதன்பின் சிறிது சிறிதாக ஓரளவு ஏறியது தெரிய வந்தது. ஆயினும் பைபாஸ் செய்துகொண்டவர்கள் பத்தாண்டு கழிந்தும் தம் பழைய எடையில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தே இருந்தனர். முறுக்கு, மிக்சர், பிஸ்கட்டு, இனிப்புப் பானங்கள் போன்றவை சிறு பையில் தங்காமல் எளிதாக வழுக்கி இறங்கிவிடுவதால், எத்தனை முறை தின்றாலும் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. எடை ஏறுவதற்கு இதுவே பெரிய வாயில்.

ஆனால் குறைத்தல் வேறு, ஒழித்தல் வேறு. மாவுச்சத்தை ஒழித்து அதற்கு ஈடாக வெண்ணெயும் நெய்யும் தேங்காய் எண்ணெயும் அள்ளி ஊட்டுவது கீட்டோ உணவின் வழக்கம். பைபாஸ் செய்துகொண்ட குடல் கொழுப்பை முற்றும் ஏற்பதில்லை. ஏற்கப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. கால்சியத்தோடு சேர்ந்து மலத்தில் வெளியேற வேண்டிய ஆக்சலேட் என்னும் உப்பு அப்போது தனித்து நின்று இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகப் படியலாம். விரைந்து எடை குறைபவர்க்குப் பித்தக்கற்கள் உண்டாவதும் அறிந்ததே. காய்களும் பருப்புகளும் இல்லா உணவால் மலச்சிக்கலும் வரும். அன்றியும் நெய்யிலும் எண்ணெயிலும் புரதம் இல்லை. புரதம் குறைந்தால் தசை கரையும், தலைமயிர் உதிரும், கால்கள் வீங்கும். எடை காட்டும் பொறியோ கொழுப்புக் கரைந்ததா, தசை கரைந்ததா என்று பிரித்துச் சொல்லாது. எண் குறைவது கண்டு வீட்டார் மகிழ்ந்திருக்க, நோயாளி மாடிப்படி ஏற வலுவின்றித் தளர்ந்திருப்பார்.

அஞ்ச வேண்டிய அடையாளங்கள்

கீட்டோசிஸ் வேறு, கீட்டோ-அசிடோசிஸ் வேறு. பின்னது, இன்சுலின் போதாமையால் கீட்டோன்கள் கட்டின்றிப் பெருகி இரத்தமே அமிலமாகும் பேராபத்து. இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகை நீரிழிவினர் உணவு குறைந்ததென்று தாமாகவே இன்சுலினை நிறுத்தலாகாது. டாபாகிளிப்லோசின், எம்பாகிளிப்லோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவரும் விழிப்பாயிருக்க வேண்டும். இம்மாத்திரைகளால் இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோ-அசிடோசிஸ் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-இல் எச்சரித்தது. ஓயாத வாந்தி, வயிற்றுவலி, விரைவான ஆழ்ந்த மூச்சு, மந்தமான நினைவு ஆகியவை தோன்றினால், 'சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது' என்று தேறியிராமல் உடனே மருத்துவமனை செல்க. வேறு சில நீரிழிவு மருந்துகளின் அளவையோ அறுவைக்குப்பின் குறைக்க வேண்டியிருக்கும். குறைக்காவிடில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது ஆபத்து தயமின் என்னும் வைட்டமின் பி-1 குறைவு. தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்தோரைப் பெரிபெரி நோயாக வாட்டியது இக்குறையே. உடலில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். அறுவையானவர் நாள்தோறும் வாந்தியெடுத்து வந்தால் அச்சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். காலந்தாழ்த்தினால் நினைவாற்றல் நிலையாகவே கெட்டுவிடும். இந்நிலையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்குமுன் தயமின் ஊசி போடப்பெற வேண்டும். ஆதலின் அவசரத்திற்கு எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், இரைப்பை அறுவை நடந்ததையும் எத்தனை நாளாக வாந்தி என்பதையும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள். அறுவையின் விவரச் சீட்டைக் கையோடு வைத்திருப்பது நலம்.

நம் அடுப்பங்கரையில்

தொடக்க நாள்களில் தெளிந்த நீர்மங்கள், பின்னர் ஏனைய நீர்மங்கள், அதன்பின் மசித்த உணவு, மென்மையான உணவு எனப் படிப்படியாகச் சென்று, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வழக்கமான உணவிற்குத் திரும்புவர். காலக்கணக்கு மருத்துவமனைதோறும் சற்று வேறுபடும். உங்கள் மருத்துவர் தந்த அட்டவணையையே பின்பற்றுக.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் உண்டு. கடற்கரைப் பங்கு மக்களுக்கு நெத்திலியும் சாளையும் மலிவான புரதச் செல்வம். குழம்பில் வெந்த மென்மையான மீன் சிறு பைக்கு இதமானது. மரக்கறி உண்பவர் தயிர், பன்னீர், சோயா, பாசிப்பருப்பு ஆகியவற்றைக் கொள்ளலாம். பருப்பில் புரதத்தோடு மாவுச்சத்தும் நிறைந்துள்ளது என்பதை நினைவிற் கொள்க. கேழ்வரகும் கம்பும் நார்ச்சத்து மிக்க நல்ல தானியங்களே. ஆயினும் அவற்றின் மாவுச்சத்து அரிசியினும் மிகக் குறைந்ததன்று. கேழ்வரகுக் கூழை வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்பது தவறான எண்ணம்.

உண்ணும் முறை இது: தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய், இடமிருந்தால் கடைசியாக இரண்டு தேக்கரண்டிச் சோறு அல்லது அரை இட்டலி. சிறு கவளமாக எடுத்து நன்கு மென்று, இருபது முப்பது நிமிடம் அமர்ந்து உண்க. உணவோடு தண்ணீர் பருகாமல், உண்டு அரைமணி கழித்துப் பருகுக. நாள் முழுவதும் மிடறு மிடறாக ஒன்றரை லிட்டர் நீர் உள்ளே செல்ல வேண்டும். வைட்டமின் பி-12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை மருத்துவர் குறித்தபடி வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளுதல் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுக. இளம் பெண்கள் அறுவைக்குப்பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறாதிருப்பது தாய்க்கும் சேய்க்கும் நலம் என்பர். மணமான மகளிர் இதுபற்றி மருத்துவரோடு முன்னதாகவே பேசிக்கொள்க.

ஒருசந்தியும் நற்கருணையும்

இங்கே நம் சமயக் கடமைபற்றிய ஐயங்களும் எழுகின்றன. திருநீற்றுப் புதனிலும் புனித வெள்ளியிலும் ஒருசந்தி காக்கும் கடமை 18 வயது நிறைந்தோர்க்கு, 59 வயது நிறையும்வரை உண்டு. ஆனால் நோயாளிகளை அது வருத்தித் கட்டுப்படுத்துவதன்று. அறுவை செய்துகொண்டவர் நாள்தோறும் உண்பதே ஒருசந்தி உணவினும் சிறிது. அதையும் விட்டுவிடுவது தவமாகாது. ஐயமுள்ளவர் தம் பங்குத்தந்தையிடம் கேட்டுத் தெளிக. சுத்தபோசன நாளில் இறைச்சி மட்டுமே விலக்கு. மீன், முட்டை, பால் ஆகியவை விலக்கல்ல என்பதால் அந்நாளிலும் புரதத்திற்குக் குறைவில்லை.

திருவிருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு உண்ணாதிருக்கும் ஒழுங்கைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. நோயுற்றோரும் முதியோரும் அவர்களைப் பேணுவோரும் அவ்வொரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். 'அப்பம் கோதுமையாயிற்றே, மாவுச்சத்தாயிற்றே' என்று ஒதுங்கி நிற்பாரும் உளர். ஒரு கிராம் எடைகூட இல்லாத அவ்வப்பத்தால் எந்த உணவு ஒழுங்கும் கெட்டுவிடாது.

தவக்காலத்தில் ஏதேனும் ஒறுக்க விரும்புவோர் உணவை விடுத்து வேறொன்றை ஒறுக்கலாமே! எடை எவ்வளவு என்று நாள்தோறும் பொறியின்மேல் ஏறி நின்று பார்க்கும் ஆவலை ஒறுத்தலும் ஓர் ஒறுத்தல்தான்.

குடும்பத்தாரின் கடமை

விருந்தோம்பல் நம் மரபு. 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்துவதே அன்பு என நாம் கருதுகிறோம். சிறுத்த இரைப்பை உடையவருக்கு அவ்வொரு கரண்டியே வாந்திக்கும் வலிக்கும் காரணமாகலாம். திருவிழாப் பந்தியிலும் மணவீட்டிலும் அவர் இலையைப் பார்த்து, 'இவ்வளவுதானா?' என்று உரக்கக் கேட்பதை விட்டுவிடுவோம். 'எத்தனை கிலோ குறைந்தாய்?' என்று வழியில் நிறுத்தி வினவுவதும் வேண்டாம். வீட்டில் அவருக்கென ஒரு சிறு தட்டும் சிறு கரண்டியும் இருக்கட்டும். மற்றவர்களும் அவரோடு மெதுவாக உண்ணட்டும். பலகாரத் தூக்கை அவர் கண்முன் திறந்து வைக்காதிருப்பதும் அன்பின் செயலே. மனச்சோர்வு கண்டால் துணையாயிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்க. பைபாஸ் செய்துகொண்டவர் உடலில் மது விரைந்து ஏறும் என்பதால், அப்பழக்கம் அவரை அணுகாதபடியும் காத்துக்கொள்க.

யாயீரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்து எழுப்பிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நடந்தாள். சூழ நின்றோர் வியப்பால் மெய்மறந்து நின்றனர். அவ்வியப்பினிடையே அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோருக்கு நினைவூட்டியவர் ஆண்டவரே. நலம் தரும் செயலை அவர் செய்தார். உணவு கொடுக்கும் பணியை வீட்டாரிடமே விட்டார். அறுவை முடிந்து நம் வீட்டிற்குத் திரும்பி வருகிறவரையும் அவர் அவ்வாறே நம் கையில் ஒப்படைக்கிறார். அவருக்குத் தக்கதை, தக்க அளவில், தக்க வேளையில் கொடுத்துப் பேணும் பொறுமையை இறைவன் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக!